நூற்றெட்டில் தொடங்கிய மோதல்கள்

சிவசண்முகத்துக்கு எதைத் தொடங்கினாலும் பிள்ளையார் சுழி வேண்டும். மளிகைச் சீட்டின் தலையிலும் சுழி, வினாத்தாளின் தலையிலும் சுழி. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் அவர் இயற்பியல், நான் கணக்கு. நான் புன்னக்காயல் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். அவருடைய சுழியைக் கேலி செய்யாமல் எனக்குக் காப்பி இறங்காது.

தொண்ணூற்றைந்தில் வடக்கே ஓர் ஆராய்ச்சிக் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. ஜெனீவாவில் ஈய அணுக்கருக்களை அசுர வேகத்தில் மோதவிடுவார்கள். ஒரு மோதலில் ஆயிரக்கணக்கில் துகள்கள் சிதறும். அவற்றை எண்ணுவதற்குச் சின்னச் சின்னக் கட்டங்களாலான ஒரு கருவியைக் குழு கட்டவேண்டும். கட்டம் பெரிதானால் இரண்டு துகள்கள் ஒன்றிலேயே விழுந்து ஒன்றாகத் தெரியும். ரொம்பச் சிறிதானால் கட்டி மாளாது. கம்ப்யூட்டருக்குள்ளேயே மோதவிட்டுப் பார்த்துச் சரியான அளவைச் சொல்வதுதான் சிவசண்முகத்தின் வேலை. சொல்லிவிட்டால் கருவியோடு அவரும் ஜெனீவா போவார். மனுஷனுக்கு வேறு ஆசையே இல்லை. கம்பளிச் சட்டை வாங்கி, திருநெல்வேலி வெயிலில் அதைப் போட்டுக் காட்டினார்.

கல்லூரியில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். கரண்ட் போனால் ஓட்டம் பாதியில் நின்றுவிடும். அதுவரை வந்ததை எடுத்துவைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குவார். துகள் எந்தப் பக்கம் பறக்கும் என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குவதுபோல் குலுக்கி முடிவு செய்யும். குலுக்கலுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு தொடக்க எண் கேட்கும். சிவசண்முகம் கண்ணை மூடிக்கொண்டு நூற்றெட்டு என்று அடிப்பார்.

"அதென்ன வே நூத்தெட்டு?"

"இதுல சுழி போட முடியாதுல்லா. அதான்."

தொடக்க எண் மாறாவிட்டால் குலுக்கலும் மாறாது. அதே மோதல்கள் அதே வரிசையில் திரும்பத் திரும்ப வந்தன. கரண்ட் வெவ்வேறு இடத்தில் போனதால் ஒவ்வோர் ஓட்டத்தின் மொத்தமும் வெவ்வேறாக இருந்தது. அவருக்குச் சந்தேகம் வரவில்லை. எல்லாவற்றையும் கூட்டி, பல்லாயிரம் மோதல்களைப் பார்த்தாயிற்று, இந்த அளவு போதும் என்று அனுப்பிவிட்டார். உண்மையில் பார்த்த வெவ்வேறு மோதல்கள் சில நூறுதான்.

வடக்கே ஒருவன் கண்டுபிடித்தான். கண்டுபிடித்ததில் தப்பில்லை. கூட்டத்தில் இவரை நிற்கவைத்து, இதென்ன கோயில் அர்ச்சனையா என்று கேட்டானாம். அத்தனை பேரும் சிரித்தார்களாம். இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அவர் கணக்கைக் குப்பையில் போட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று கட்டத்தின் அளவைப் பாதியாகக் குறைத்தார்கள். ஜெனீவா போகிறவர்களில் இவர் இல்லை என்றார்கள்.

ஊர் திரும்பியவர் மறுபடி அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். இந்தத் தடவை ஒவ்வோர் ஓட்டத்துக்கும் வேறு எண். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. முடிந்த அன்று என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"பாரும், அருளப்பன். அதே அளவுதான் வருது."

"பழைய அளவா?"

"அதேதான். ஒரு மோதல்லயே அத்தன துகள் இருக்குல்லா. அந்தச் சில நூறே போதுமாத்தான் இருந்திருக்கு."

அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். கருவி கட்டி முடிந்துவிட்டது, நன்றி என்று ஒரு வரி பதில் வந்தது. முடிந்த லட்சணம் பிறகுதான் தெரிந்தது. அத்தனை பொடிக் கட்டங்களைச் செய்து மாளாமல், பாதிக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஜெனீவா போயிருக்கிறார்கள்.

"சிரிச்சவன் எவன்னு கேளும் வே. சும்மா விடாதேயும்."

"என்னத்தக் கேக்க? நான் செஞ்சது தப்புதான."

அந்த வருஷம் முழுப் பரீட்சைக்கு அவர் எழுதிய வினாத்தாள் என் மேஜைக்கு வந்தது. தலையில் சுழி இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷம் கேலி செய்தவன், என் பேனாவை எடுத்து நானே ஒரு சுழி போட்டு அவரிடம் நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தார். சுழியின் மேல் கோடு போட்டு அடித்துவிட்டார்.