மச்சான் பெயர் இல்லாத விமானம்

குவைத்துக்குள் பக்கத்து நாட்டு ராணுவம் புகுந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. அத்தா, என் அப்பா, அங்கே ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். கீழ்வேளூரில் எங்கள் தெருவின் பாதி ஆண்கள் அங்கேதான். ஆனால் எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு தெம்பு. அம்மாவின் அண்ணன், என் மாமா, டெல்லியில் வெளியுறவுத் துறை அதிகாரி!

சிபாரிசு இல்லாமல் ரேஷன் கார்டுகூட நகராத ஊர். விஷயம் பரவியதும் தெருவே எங்கள் வாசலில் நின்றது. ஒருவர் வாழைத்தார், ஒருவர் கொடுவா மீன். "உங்க அண்ணன்ட்ட எங்க புள்ளைக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க." அம்மா மந்திரி மாதிரி தலையாட்டினாள். மீனையும் வாங்கிக்கொண்டாள்.

மாமாவை, குவைத்திலிருந்து தப்பியவர்கள் வந்து சேர்ந்த ஜோர்டான் எல்லை முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள், நம் ஆட்களை விமானம் ஏற்றிவிடும் வேலைக்கு. கேட்டவுடன் அம்மா அத்தாவுக்குப் புது லுங்கி வாங்கிவிட்டாள். முதல் விமானத்திலேயே வந்துவிடுவாராம்.

வரவில்லை. மீன் கொடுத்த வீட்டுப் பையன் வந்தான். கறிக்கடைக்காரரின் தம்பிகூட வந்துவிட்டார். வந்தவர், "உங்க அண்ணன் மச்சானக் கண்டும் காணாத மாதிரி போறாருங்க" என்று வத்தி வேறு வைத்துவிட்டுப் போனார். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் ஒருநாள், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து தெரு நிறைய ஆட்கள் திரும்பும் நேரத்தில், அத்தா வந்து இறங்கினார். தாடி, கறுத்த முகம், கையில் பை இல்லை. அம்மா அழுதாள், சிரித்தாள், காரணமே இல்லாமல் என் முதுகில் ஒன்று வைத்தாள். அப்பாடா! நான் அத்தா மடியை விட்டு இறங்கவேயில்லை.

"எங்கண்ணன் உங்க பேர கொஞ்சம் முன்னால தள்ளியிருக்கக் கூடாதா?"

"கைக்குழந்தைக்காரங்க, சீக்காளிங்கல்லாம் வெயில்ல கெடந்தாங்க. மச்சான் சாயங்காலமானா கூடாரத்துக்கு வருவாரு. ரொட்டியப் பிச்சுப் பாதி குடுப்பாரு. 'நாளைக்கும் உங்க பேரு இல்ல மச்சான்'ம்பாரு. போயிடுவாரு."

"இதச் சொல்ல எதுக்கு வரணுமாம்?"

அடுத்த பெருநாளுக்கு மாமா வந்தார். அரசாங்க வேலையை விட்டுவிட்டாராம். அமைதி ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் சேரப்போகிறாராம். "சொந்த மச்சானுக்கே ஒண்ணும் பண்ணாத ஆள எவன் வேலைல வச்சிப்பான்?" என்று அம்மா அடுப்படியிலிருந்து எல்லாருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தாள்.

பெருநாள் பிரியாணி எங்களுக்கு ஒரே சஹனில்தான். அந்தப் பெரிய தட்டைச் சுற்றி அத்தா, மாமா, நான்.

"அங்க என்ன வேலை மாமா?"

"சண்டை வராம இருக்க என்ன செய்யலாம்னு ஆராயறது."

"வராமயே போயிட்டா உங்க வேலை போயிடுமே!"

மாமா பெரிதாகச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தா தன் பக்கத்து நல்லி எலும்பை, நான் கண் வைத்திருந்ததை, மெல்ல மாமா பக்கம் தள்ளினார்.

அத்தனை நாள் காக்கவைத்தவருக்கு நல்லியா! எனக்கு ஆத்திரம். அம்மாவாவது என் கட்சி என்று அடுப்படிக்கு ஓடினேன். அங்கே அவள் சட்டியைச் சாய்த்து, அடியில் கிடந்த நல்ல துண்டுகளாகப் பார்த்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மாமாவுக்குக் கொண்டுபோய் வையி," என்றாள்.