தாழை நகர் வரலாறு எழுதியவர்

"அந்த பீரோவைக் கொஞ்சம் கடல் பக்கமா தள்ளுங்க" என்கிறார் தமயந்தி. இடம், பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு பள்ளிக்கூட அலுவலகம். கடல் முந்நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பியூன் மறுபேச்சில்லாமல் பீரோவைக் கிழக்கே தள்ளுகிறார். ஆட்டோக்காரர்கள்தான் இன்னும் தேறவில்லை. "கடலாம்மா? இங்க அல்சூர் கெரெதானே இருக்கு!" என்று ஏரி இருக்கும் திசையைக் காட்டி ஒருவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டே கேட்டார். தன் கல்யாணத்துக்குப் போனபோது ஒரே ஒரு தரம் கடலைப் பார்த்த கணவர் ராஜேந்திரன்கூட இப்போது, "சாவி கடல் பக்கத்து ஆணியில மாட்டியிருக்கு" என்கிறார்.

ஐம்பத்தொரு வயது. மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். அதைத் தேடாத நாளில்லை. யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் முதல் வாயை உடனே விழுங்க மாட்டார். நாக்கில் ஒரு நொடி நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். காவிரித் தண்ணீரைக்கூட நம்பாத பெண்மணி என்று பக்கத்து வீட்டு மரகதம் கேலி செய்வதுண்டு.

அது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். சென்னையில் திருவான்மியூருக்குத் தெற்கே, 1961-ல் ஒரு கூட்டுறவுச் சங்கம் கடற்கரை மணலில் கல் நட்டு முப்பத்தெட்டு மனைகளாகப் பிரித்து, தாழை நகர் என்று பெயர் வைத்தது. நட்ட கல்லை யாரும் பிடுங்கிப் போகாமல் காவலுக்கு ஆதிகேசவன் என்பவரை வைத்தது. அவர் மனைவியோடும் பதினொரு வயது மகள் தமயந்தியோடும் ஒரு தகரக் கொட்டகையில் குடியேறினார். முதல் வீடு எழும்ப ஒரு வருஷம் ஆயிற்று. அதுவரைக்கும் ஊர் என்றால் இந்த மூன்று பேரும் தாழம்புதர்களும்தான்.

பிறகு ஒவ்வொருவராகக் கிணறு தோண்ட வந்தார்கள். முதலில் ஊறும் தண்ணீரை ஆதிகேசவனிடம் நீட்டுவார்கள். அவர் வாயில் வைத்துப் பார்த்து, "இங்க வாணாம் சார், பத்தடி தள்ளித் தோண்டுங்க" என்றால் தள்ளித் தோண்டுவார்கள். அவர் நாக்கு பொய் சொன்னதில்லை. எட்டாம் நம்பர்க்காரர் மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அந்த வீட்டுக் காபி கடைசிவரை கரித்தது. அந்த வீட்டம்மாள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவும் இல்லை.

அமைதியான ஊர் என்று தாழை நகருக்குப் பெயர். காரணம் தமயந்திக்குத் தெரியும். அங்கே வீசும் காற்று பேச்சை அப்படியே அள்ளிக்கொண்டு போய்விடும். வாசலில் நின்று வம்பு பேசினால் யார் காதிலும் விழாது. உள்ளே போய்த்தான் பேச வேண்டும். இரும்பு கேட்டு இரண்டு வருஷத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும் என்பதால் பாதி வீடுகளுக்கு கேட்டே கிடையாது. இதையெல்லாம் யார் எழுதி வைத்தார்கள்?

நாற்பதாம் ஆண்டு மலருக்காக, 2001-ல், சங்கச் செயலாளர் ஸ்ரீகண்டன் டெலிபோன் செய்தார். முதல் வீட்டுக்காரரின் மகன். "நீங்கதான் எழுதணும் தமயந்தி. இப்ப இங்க இருக்கறவாளுக்கு ஒண்ணுமே தெரியலை" என்றார். தமயந்திக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு மாதம், பள்ளிக்கூடம் விட்டதும் உட்கார்ந்து, பத்தொன்பது பக்கம் எழுதி அனுப்பினார்.

ப்ரூஃப் கூரியரில் திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தில் சங்கமே சேர்த்திருந்த பட்டியல்: 'முதலில் குடியேறியவர்கள்', முப்பத்தெட்டுப் பெயர், வரிசை எண்ணோடு. சாயங்காலம் டீ குடித்துவிட்டு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். ராஜேந்திரன் ஒரு பக்கம் விடாமல் படித்தார்.

"ரொம்ப சொகசா எழுதியிருக்கே. மாமா பேரு எங்க?"

"மூணாவது பக்கத்துல இருக்குதே, 'அப்போதைய காவலாளி'ன்னு."

"அது வேலை. நான் பேரு கேட்டேன்மா."

தமயந்தி பக்கங்களைப் புரட்டினார். நான்கு இடத்தில் காவலாளி இருந்தார். ஆதிகேசவன் ஓரிடத்திலும் இல்லை. யாரும் எடுத்துவிடவில்லை. இவரே, இவர் கையாலேயே, எழுதாமல் விட்டிருந்தார். பெரிய மனிதர்கள் படிக்கும் புத்தகத்தில் அப்பா பெயர் வரலாம் என்றே தோன்றவில்லை. அதுதான் வலித்தது. ஸ்ரீகண்டனையும் குறை சொல்ல முடியாது. எண்பத்தேழில் அப்பா இறந்தபோது தந்தி கொடுத்து, பெங்களூரிலிருந்து மகள் வந்து சேரும்வரை கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்திருந்த மனுஷர். இருந்தாலும் தமயந்தி எழுந்து போய் டெலிபோனைச் சுழற்றினார்.

"சார், பட்டியல்ல ஒரு பேரு விட்டுப்போச்சு."

"அடடா, யாரு?"

"எங்கப்பா."

"ஐயோ, ஆமாம்! நன்றிப் பக்கத்துல பெரிசாப் போட்டுடலாம் தமயந்தி."

தமயந்தி அவரிடம் அதுவரை எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. "நன்றிப் பக்கம் வேணாம் சார். அவரு அங்க குடியிருந்தாரு."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு ஸ்ரீகண்டன் மெதுவாக, "நீங்க திருத்தி அனுப்புங்கோ. அப்படியே போடச் சொல்றேன்" என்றார்.

தமயந்தி வந்து உட்கார்ந்து கடைசிப் பக்கத்தை எடுத்தார். கீழேயிருந்து ஆரம்பித்தார். 38-ஐ அடித்து 39 என்று எழுதினார். 37-ஐ அடித்து 38. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு குடும்பமாக ஒரு படி இறக்கிக்கொண்டே மேலே வந்தார். ஸ்ரீகண்டனின் அப்பா இரண்டாம் எண்ணுக்கு வந்தார். அதற்கும் மேலே இருந்த வெற்றிடத்தில் 1 என்று போட்டு, பேனாவை அழுத்திப் பிடித்து, 'கோ. ஆதிகேசவன்' என்று எழுதினார்.