தம்பி கையில மெடூசா

எங்க தம்பி கையில ஒரு பொம்பள இருக்கா. இடது கை, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல. தலையில முடிக்குப் பதிலா பாம்பு. ஒண்ணு ரெண்டு இல்ல, பதினோரு பாம்பு, நானே எண்ணிப் பாத்திருக்கேன். கண்ணு ரெண்டும் நம்மளையே முறைக்கும். பேரு மெடூசா. கிரேக்க தேசத்துப் பழங்கதையில வர்றவளாம். பொன்னேரி பஜார்ல பச்சை குத்துற கடையில நாலு மணி நேரம் பல்லைக் கடிச்சிக்கினு உக்காந்து குத்திக்கினு வந்தான். முப்பது வயசு ஆம்பள.

நான் கும்மிடிப்பூண்டியில ஒரு வயரிங் கம்பெனியில லைன்ல நிக்கிறவ. அன்னிக்கி ஷிப்ட் முடிச்சிட்டு அம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழட்டல, கைய நீட்டிக் காட்டுறான். எட்டு மணி நேரம் நின்ன காலு, கோவம் எங்க இருந்து வந்துச்சின்னே தெரியல. யார்றா இந்தப் பொம்பளன்னு கேட்டேன். காட்டுப்பள்ளி ரூம்ல இருக்கிற பசங்க எல்லாம் சேந்து போன்ல ஒரு கேம் ஆடுறாங்களாம், அதுல இவன் டீமுக்கு மெடூசான்னு தான் பேராம். அவ யாரையாவது நேராப் பாத்தா அவங்க அப்படியே கல்லாயிடுவாங்களாம். கடைசியில ஒரு வீரன் வந்து தந்திரமா அவ தலைய வெட்டிக்கினு போயிட்டானாம். இந்தக் கதைய அவன் சொல்ற அழகப் பாத்தா, இவனே கூடப் போயி வெட்டினவன் மாதிரி இருந்துச்சி. அடப்பாவி, பெத்தவ பேரைக் குத்திக்கினு வந்திருந்தா கூடப் புண்ணியம் கெடச்சிருக்கும்னு கத்தினேன். அம்மா மட்டும் கண்ணாடிய மாட்டிக்கினு கிட்ட வந்து பாத்துட்டு, நைனா, ரொம்ப வலிச்சுதான்னு கேட்டாங்க. அவங்களுக்கு அவங்க கவலை.

அதுக்கப்புறம் தான் தமாஷே. ஒரு பேரைத் தெரிஞ்சிக்கினா போதும், அது போற எடமெல்லாம் நம்மளத் துரத்தும். கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டுகிட்ட தார்ப்பாய் விரிச்சி டி-ஷர்ட் விக்கிறாங்க இல்ல, அதுல தங்கக் கலர்ல அவ மூஞ்சி. எங்க லைன்ல என் பக்கத்துல நிக்கிற ஒடிசாக்காரப் பொண்ணு போன் கவர்ல அவ. ஷேர் ஆட்டோ பின் கண்ணாடியில அவ, அவளுக்குக் கீழ 'அம்மா துணை'. பஜார்ல புதுசாத் திறந்த சலூனுக்கு மெடூசான்னு பேரு. முடி வெட்டுற கடைக்குப் பாம்பு முடிக்காரி பேரா, எவன் தைரியமா உள்ள போயி தலையக் குடுப்பான்னு நெனச்சேன். ஞாயித்துக்கெழமை பாத்தா அங்க உக்கார எடம் இல்ல. எந்த ஊரோ எந்தக் காலமோ, தலைய வெட்டினதுக்கு அப்புறமும் அவ சும்மா இல்ல, எங்க ஊரு வரைக்கும் வந்துட்டா.

சிரிச்சதெல்லாம் சரி, உள்ளுக்குள்ள எனக்கு ஒரு பயம். தம்பிக்குப் பொண்ணு பாத்துக்கினு இருந்தோம். காட்டுப்பள்ளியில கப்பல் வேலை, வெல்டர், நல்ல கை. ஆனா கான்ட்ராக்ட். எங்க பக்கத்துல பொண்ணு வீட்டுல மொதக் கேள்வியே மாப்பிள்ள பெர்மனென்டான்னு தான். நாலு எடம் அந்தக் கேள்வியோடவே போன்ல முடிஞ்சி போச்சி. எங்க அப்பா அடுத்தவங்க நெலத்துல நாத்து நட்டு எங்கள வளத்தவரு, அவர் போனப்புறம் நான் கம்பெனிக்குப் போயி தான் இவன ஐடிஐ படிக்க வச்சேன். இவனுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணிப் பாத்துட்டா போதும்னு இருந்தேன். கான்ட்ராக்டு மட்டும் பத்தாதுன்னு இப்ப கையில பாம்பு வேற.

ஆனி மாசக் கடைசியில வேப்பம்பட்டுல ஒரு எடம் வந்துச்சி. பொண்ணு அம்பத்தூர்ல ஒரு ஆபீஸ்ல டேட்டா என்ட்ரி, தினம் ட்ரெயின்ல போய் வர்றவ. அப்பா கெடையாது, அம்மாவும் பொண்ணும் மட்டும் தான். கான்ட்ராக்ட்னு சொன்னப்புறமும் அந்தம்மா, வேலை செய்ற கை இருக்கு இல்ல, வாங்கன்னாங்க. எனக்கு அந்த நிமிஷமே அவங்களப் புடிச்சிப் போச்சி. பொண்ணு பாக்கக் கெளம்புற அன்னிக்கி தம்பிக்கு முழுக்கை சட்டை போட்டு, மணிக்கட்டுப் பட்டன நானே போட்டேன். கழட்டின, கைய ஒடச்சிடுவேன்னும் சொன்னேன்.

அவங்க வீட்டுல நொழைஞ்சதுமே எனக்குப் பாதி உசுரு போச்சி. வாசலுக்குப் பக்கத்துல ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு பாம்புப் புத்து, மஞ்சத் துணி சுத்தி, குங்குமம் வச்சி, மேல தகர ஷீட்டு. மனை வாங்கினப்பவே அந்தப் புத்து இருந்துச்சாம். இடிச்சிட்டுக் கட்டச் சொல்லி எல்லாரும் சொன்னாங்களாம். அந்தம்மா புத்த விட்டுட்டு வீட்டத் தள்ளிக் கட்டியிருக்காங்க. அது தான் அவங்க நாகாத்தம்மன். வெள்ளிக்கெழமை ஆனா பாலும் முட்டையும்.

கேசரி வந்துச்சி, பஜ்ஜி வந்துச்சி, கூடவே கரண்டும் போச்சி. அந்த வெக்கையில முழுக்கை சட்டைக்குள்ள தம்பிக்கு வேர்த்து ஊத்துது. பேச்சு சுவாரசியத்துல நான் அவனப் பாக்கல. பாக்கும்போது பட்டனக் கழட்டி கைய முழங்கை வரைக்கும் மடிச்சி வுட்டுக்கினு விசிறிக்கினு இருக்கான். பொண்ணு தண்ணி சொம்போட வந்தவ, அந்தக் கையப் பாத்தா. சொம்ப அவன்கிட்டக் குடுத்தா. அந்தம்மா பாத்தாங்க. கையில இருந்த தட்டக் கீழ வச்சாங்க. போச்சிடா, அஞ்சாவது எடமும் போச்சின்னு நான் கண்ண மூடிக்கினேன்.

தொறந்து பாத்தா அந்தம்மா எழுந்து நின்னு, ரெண்டு கையும் தலைக்கு மேல தூக்கிக் கும்புடுறாங்க. "தாயே, நாகாத்தா. எங்க ஊட்டுக்கு மாப்ளை தேடி நீயே வந்துட்டியா"ன்னு கண்ணுல தண்ணி.

தம்பி என்னப் பாக்குறான். எங்கம்மா என்னப் பாக்குறாங்க. ஆமாங்க, எங்களுக்கும் அவ தான் இஷ்ட தெய்வம்னு என் வாய் சொல்லிடுச்சி. நான் சொல்லல, வாய் சொல்லிச்சி. அந்தம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம். சாமியப் போயி பீச்சாங்கையிலயா தம்பி குத்திக்குவாங்கன்னு கேட்டாங்க. வாய் தொறந்தது தொறந்ததா இருக்கட்டும்னு, வலது கையில எந்நேரமும் வெல்டிங் நெருப்பு பறக்கும், அம்மன் மேல பொறி பட்டுடக் கூடாது இல்லீங்களா, அதான் இந்தப் பக்கம்னேன். அந்தம்மா உருகிட்டாங்க. எனக்கே ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்துடுச்சின்னா பாத்துக்கோங்க.

திரும்பி வர்ற ட்ரெயின்ல மூணு பேரும் மூணு பக்கம் பாத்துக்கினு வந்தோம். மொதல்ல அம்மா ஆரம்பிச்சாங்க, சாமி விசயத்துல போயி பொய்யி சொல்றியே, நீ நல்லா இருப்பியான்னு. தம்பி அதுக்கு மேல. நாளைக்கே போன் பண்ணி நெஜத்தச் சொல்லிடறேன்னான். அவனுக்கு அந்தப் பொண்ண ரொம்பப் புடிச்சிருந்துச்சி. ரெண்டு நிமிஷம் தனியாப் பேச வுட்டப்ப அவ சம்பளம் கேக்கல, பெர்மனென்டான்னு கேக்கல. வெல்டிங் வெளிச்சத்துல நைட்டு கண்ணு எரியாதான்னு மட்டும் கேட்டாளாம். பத்து வருசமா யாரும் கேக்காத கேள்வி அக்கான்னு சொன்னான். அப்படிப்பட்டவள பொய்யி சொல்லி எப்படிக் கட்டிக்கிறதுன்னு கேட்டான். கட்டிக்கினு அப்புறம் சொல்லுடான்னேன். வாயத் தொறந்தா நான் செத்ததுக்குச் சமம்னு சொல்லி அடக்கி வச்சேன்.

ஆடி பொறந்துடுச்சி. ஆடியில நல்ல காரியம் பேச மாட்டாங்க, ஆவணி மொத முகூர்த்தத்துல நிச்சயம்னு முடிவாச்சி. ஒரு மாசம் எப்படியாவது ஓட்டிடலாம்னு நான் நெனைக்கிறேன், அந்தம்மா போன் வருது. ஆடி மூணாவது ஞாயிறு புத்துக்குப் பால் ஊத்திக் கூழ் ஊத்துவாங்களாம். அம்மன் கையில குடியிருக்கிற புள்ள, இந்த வருசம் பால்குடம் தம்பி தான் எடுக்கணும்னாங்க. முடியாதுன்னு எந்த வாயால சொல்றது. ஏற்கெனவே ஒரு தடவ அது தொறந்து தான் இந்தக் கூத்து.

ஒரு வாரம் வெரதம். பிரியாணி வாசனைய வச்சே எந்தக் கடைன்னு சொல்றவன், ஒரு வாரம் தயிர் சோறு தின்னான். கப்பல் யார்டுக்குள்ள சேப்டி ஷூ, வெளிய வந்தா வெறுங்காலு. ரூம் பசங்க இவனச் சாமின்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. மெடூசாவுக்காக வெரதம் இருந்த ஒரே வெல்டர் இந்த உலகத்துல எங்க தம்பியா தான் இருப்பான். எனக்கு சிரிப்பு வரும், அடுத்த நிமிஷம் அவனுக்குப் போனப் போட்டு, வாயத் தொறக்காதடான்னுவேன்.

அந்த ஞாயித்துக்கெழமை காலையில மஞ்ச வேட்டி கட்டி, தலையில பால்குடம் வச்சி, பம்பை அடிக்க, தெரு முனைப் புள்ளையார் கோயில்ல இருந்து நடந்து வந்தான். அந்தம்மா அவன் கை பூரா மஞ்ச பூசி, பாம்புக்காரி நெத்தியில அழகா ஒரு குங்குமம் வச்சிருந்தாங்க. வழியில பொம்பளைங்க எல்லாம் அந்தக் கையத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினாங்க. ஒரு அம்மா கொழந்தையக் கொண்டாந்து காட்டி ஆசீர்வாதம் கேட்டாங்க. தம்பி மூஞ்சியப் பாத்தேன். அழுதுடுவான் போல இருந்துச்சி. புத்துல பால ஊத்தி முடிச்சதும் நேராக் கொல்லைப் பக்கம் போனான். அந்தப் பொண்ணு அங்க வேப்பமரத்தடியில கூழ் அண்டாகிட்ட நின்னுக்கினு இருந்தா. எனக்குப் புரிஞ்சி போச்சி, பின்னாடியே ஓடினேன். அதுக்குள்ள சொல்லிட்டான்.

"இது நாகாத்தம்மன் இல்லீங்க. மெடூசான்னு ஒருத்தி. கேம்ல பாத்துட்டு குத்துனேன். அக்கா மேல கோவப்படாதீங்க, அன்னிக்கே நான் தான் சொல்லியிருக்கணும்."

அவ கரண்டிய அண்டாவுக்குள்ள வுட்டுட்டு நிமிந்தா. அவ மூஞ்சியில கோவமும் இல்ல, ஆச்சரியமும் இல்ல.

"தெரியும். அன்னிக்கித் தண்ணி கொண்டாந்தப்பவே தெரியும்"னா.

அப்ப ஏம்மா இத்தினி நாளு சும்மா இருந்தன்னு நான் தான் கேட்டேன். "இவரு எப்ப சொல்றாருன்னு பாத்துக்கினு இருந்தேங்கா. நிச்சயத்துக்குள்ள சொல்லலன்னா வேணாம்னு சொல்லியிருப்பேன்"னா.

அவன் கல்யாணத்தக் காப்பாத்தறேன்னு ஒரு மாசமா நான் அவன் வாயப் பொத்தி வச்சிருந்தேன். என் பேச்சக் கேட்டிருந்தான்னா இந்தப் பொண்ணு போயே போயிருப்பா. அவன் என் பேச்ச மீறினதுக்கு வாழ்க்கையில மொத தடவையா சந்தோசப்பட்டேன்.

அந்த சந்தோசம் முழுசா ஒரு நிமிஷம் கூட இல்ல. அந்தம்மா மோர்க் குடத்தோட எங்க பின்னாடி நின்னுக்கினு இருக்காங்க. எல்லாத்தையும் கேட்டுட்டாங்க. யாரு நாகாத்தா இல்லன்றது, அப்ப கையில இருக்கிறது யாருன்னு கேட்டாங்க. தம்பி தலையக் குனிஞ்சிக்கினான். பொண்ணு தான் சொன்னா. ட்ரெயின்ல போறப்ப போன்ல கதை படிப்பாளாம், அதுல படிச்சது. நாங்க கேட்ட கேம் கதைக்கு முன்னாடி ஒரு கதை இருக்கு. மெடூசா மொதல்ல அழகான பொண்ணாம், கோயில்ல ஊழியம் பண்ணவளாம். அந்தக் கோயிலுக்குள்ளயே ஒரு கடவுள் வந்து அவளக் கெடுத்துட்டானாம். அவன யாரும் ஒரு வார்த்தை கேக்கல. இவளுக்குத் தான் சாபம், முடியெல்லாம் பாம்பு, மனுச மூஞ்சியே பாக்க முடியாத மாதிரி பண்ணித் தனியா வெரட்டி வுட்டுட்டாங்க. அதுவும் பத்தாதுன்னு ஆள் அனுப்பி, தூங்கறப்ப தலையையும் வெட்டிட்டாங்க. இப்ப எவ்ளோ ஊர்ல பொம்பளைங்க அதைத் தெரிஞ்சே அவளக் கையில குத்திக்கிறாங்கம்மான்னா. கேம்ல இதெல்லாம் இல்லன்னு தம்பி மெதுவா சொன்னான்.

அந்தம்மா குடத்தக் கீழ வச்சிட்டு, தம்பி கையப் புடிச்சி வெளிச்சத்துப் பக்கம் திருப்பி அந்த மூஞ்சியப் பாத்தாங்க.

"அவ ஒரு தப்பும் பண்ணலியே?"

"இல்லம்மா."

"அப்புறம் இன்னாத்துக்கு அம்மன் இல்லன்ற? நம்ம பக்கத்துல ஊரு எல்லையில அம்மனா நிக்கிறவ எல்லாம் இன்னா, நோவு வந்தா செத்தா? இந்த மாதிரி அநியாயமா செத்தவ தான்டி எல்லாம்."

சொல்லிட்டு, வேர்வையில கலைஞ்சி போன குங்குமத்த முந்தானையில தொடச்சி, மடியில இருந்து புதுசா எடுத்து அந்த நெத்தியில வச்சாங்க. என்னப் பாத்து, நீ சொன்னது பொய்யி தான், அதுக்கு உன்ன அப்புறம் கேக்கறேன்னாங்க. கேக்கட்டும். நான் அதுக்குள்ள அழ ஆரம்பிச்சிட்டேன்.

அந்தம்மா பொண்ணு பக்கம் திரும்பினாங்க. அது வரைக்கும் அவனத் தம்பி தம்பின்னு தான் நேர்ல கூப்பிட்டுக்கினு இருந்தாங்க.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? மாப்ளைக்கு ஒரு சொம்பு கூழ் ஊத்து. காலையில இருந்து அவரும் பட்டினி, கையில இருக்கிற அவளும் பட்டினி."