டிபன் பாக்ஸ் எடுக்கப் போனவள்

காய்கறிகளைக் கழுவி, வெந்நீரில் ஒரு கொதி காட்டி, கல்லுபோல் உறைய வைத்துப் பையில் அடைக்கும் கம்பெனி அது. அங்கே அவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான். பெல்ட்டில் ஓடி வரும் பட்டாணியில் கறுத்தது, வெடித்தது, காம்போடு வந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிவது அவள் வேலை. நாள் முழுக்க ஓடும் பெல்ட்டைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால் எதிர்ச்சுவர் பின்னால் நகர்வதுபோல இருக்கும். புதிதாக வரும் பெண்கள் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அவளுக்கு அது பழகிப் போயிருந்தது.

புருஷன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளையும் இல்லை. தங்கையின் புருஷன் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று தெரிந்ததும், இவளே போய்த் தங்கையையும் அவளுடைய சின்னப் பெண்ணையும் கையோடு அழைத்துவந்து தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். சூப்பர்வைசரிடம் நச்சரித்து அதே கம்பெனியில் தங்கைக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தாள். கோல்ட் ஸ்டோரேஜை ஒட்டிய அறையில் பை கட்டும் வேலை.

தங்கை வாயாடி. பல் கிட்டிப்போகும் குளிரிலும் மூக்குவரை துணியைச் சுற்றிக்கொண்டு அதற்குள்ளிருந்தே பேசிக்கொண்டிருப்பாள். ரேடியோ என்று அவளுக்குப் பேர் வைத்தார்கள். சூப்பர்வைசர் வயிற்றை முன்னே தள்ளி நடப்பதை அவர் முதுகுக்குப் பின்னாலேயே நடந்து காட்டுவாள். “நாமெல்லாம் செத்தாலும் கெட்டுப்போக மாட்டோம்டி, கவர்ல தேதி போட்டு ஒட்டினா போதும்” என்பாள். அவள் இருக்கும் அறையில் வேலை சுணங்குகிறது என்று புகார் போனதுண்டு. ஆனால் அவளை மாற்றினால் மற்றவர்கள் முகம் தொங்கிப்போகும் என்று சூப்பர்வைசரே விட்டுவிட்டார்.

விபத்து நடந்த அன்று, பின்பக்கத்தில் அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் பெண் வரவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு பெரியக்காவைப் பெல்ட்டிலிருந்து எடுத்து அங்கே அனுப்பினார்கள். சிறிது நேரத்தில் சைரன் அலறியது. குளிரூட்டும் குழாய் ஒன்று வெடித்து அமோனியா வெளியேறிக்கொண்டிருந்தது. கண்ணில் மிளகாய்த்தூளை வீசியதுபோல் எரிந்தது. மூச்சை இழுத்தால் தொண்டை அடைத்தது. பெட்டி அடுக்கும் பெண்களோடு அவளும் பின்வாசல் வழியாக லாரி நிற்கும் இடத்துக்கு ஓடினாள். அங்கிருந்து மதிலைச் சுற்றி முன்வாசலுக்கு வந்து சேர்வதற்குள், முகமூடி போட்ட இரண்டு பேர் தங்கையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. வாயில் நுரை தள்ளியிருந்தது.

முதலில் வெளியே வந்துவிட்டவள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்ப உள்ளே ஓடினாளாம். அங்கே நின்ற பெண்கள் சொன்னார்கள்.

தங்கை பிழைத்துக்கொண்டாள். ஆனால் நெஞ்சு வெந்துபோயிருந்தது. குரல் போய்விட்டது. பேசினால் வெறும் காற்றுத்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் அந்தக் காற்றைச் சொல்லாக்கப் பழகிய அன்றே அக்கா கேட்டாள்.

“வெளிய வந்தவ மறுபடி ஏன்டி உள்ள போனே?”

தங்கை அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “டிபன் பாக்ஸ். புதுசுக்கா. மறந்து வெச்சிட்டு வந்துட்டேன்” என்றாள்.

அன்று ஆரம்பித்ததுதான் திட்டு. நெஞ்சில் தைலம் தடவும்போது திட்டினாள். குளிப்பாட்டும்போது திட்டினாள். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் தங்கை ஜன்னலோரம் நாற்காலியில் தலையணையை அணைத்தபடி உட்கார்ந்தே தூங்குவாள். அவளுக்குப் போர்த்திவிட்டுக்கொண்டே திட்டினாள். ஒரு டப்பாவுக்காக உயிரைக் கொண்டுபோய்க் கொடுப்பாளா ஒருத்தி, புத்தி எங்கே போயிற்று, பெற்ற பெண்ணை நினைத்தாயா என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும்படி பேசினாள். தங்கை பதில் சொல்லமாட்டாள். சில சமயம் சிரித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். ரேடியோ என்று பிறகு யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

ஆஸ்பத்திரிச் செலவோடு கம்பெனி கை கழுவிக்கொண்டது. வேறு பிழைப்பு இல்லாததால் பெரியக்கா அங்கேயேதான் வேலைக்குப் போய் வந்தாள். புடவையில் அமோனியா வாடை ஒட்டிக்கொண்டு வந்தால் தங்கைக்கு இருமல் பிய்த்துக்கொண்டு போகும். அதனால் வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளியலறைக்குப் போய்த் தலையோடு ஊற்றிக்கொண்டுதான் அவள் பக்கத்தில் போவாள். தங்கை மகள் பள்ளிக்கூடமும் அடுப்படியுமாக வளர்ந்து பெரியவளானாள்.

ஒரு மழைக்காலத்தில் தங்கைக்கு நெஞ்சில் சளி கட்டியது. இந்த முறை மீளவில்லை. அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதபோதும் பெரியக்கா, “பாவி, ஒரு டப்பாவுக்காகப் போனியேடி” என்றுதான் அழுதாள்.

சாவுக்கு வந்தவர்கள் எல்லாம் கலைந்த பிறகு, கம்பெனியில் முன்பு கம்ப்ரசர் ஆபரேட்டராக இருந்தவர் வந்தார். ஓய்வு பெற்று வெளியூர் போயிருந்தவருக்குத் தாமதமாகத்தான் சேதி கிடைத்திருந்தது.

“அன்னைக்கு நான்தாம்மா வாசல்ல நின்னேன்” என்றார். “கையப் பிடிச்சு இழுத்தேன். ‘எங்கக்கா பெல்ட்டுல இருக்கா, இன்னும் வெளிய வரல, விடுங்க’ன்னு உதறிட்டுப் போயிடுச்சு. கொஞ்சம் கெட்டியாப் பிடிச்சிருக்கலாம்.”

அவளுக்கு இது தெரியும் என்று நினைத்துத்தான் அவர் சொன்னார். தன் மனதில் கிடந்ததை இறக்கி வைக்க வந்த மனிதர் அவர். பெரியக்கா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தெருமுனைவரை கூடப்போய்ப் பஸ் ஏற்றிவிட்டாள். திரும்பி வந்து, வாசற்படியைத் தாண்ட முடியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தங்கை மகள் வந்து தோளைத் தொட்டாள். அவர் பேசியது உள்ளே அவளுக்கும் கேட்டிருந்தது.

“உனக்குத் தெரியுமா?” என்று பெரியக்கா கேட்டாள்.

“தெரியும் பெரியம்மா. அம்மா சொல்லியிருக்கு.”

“அப்ப நான் அத்தனை நாள் திட்டினப்போ ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டா இருந்தீங்க?”

“நான் சொல்றேன்னுதான் சொன்னேன். அம்மாதான் விடல. ‘அவ திட்டட்டும், திட்டினா அவளுக்கு ஆறும். இது தெரிஞ்சா அவளுக்கு ஆறவே ஆறாது’ன்னுச்சு.”

பெரியக்கா அப்படியே படியில் உட்கார்ந்தாள். அன்று தன்னைப் பெல்ட்டிலிருந்து லேபிள் ஒட்ட அனுப்பியது தங்கைக்குத் தெரிந்திருக்கவில்லை. அழுகை வரவில்லை. அவள் ஒரே ஒரு தரம் கோபித்துக்கொண்டு எதிர்த்துப் பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது. மறைத்ததற்கு அவளை மன்னிப்புக் கேட்க வைக்கவும் இனி முடியாது, திட்டியதற்குத் தான் கேட்கவும் முடியாது.

பிறகும் அவள் வேலையை விடவில்லை. பெல்ட்டிலிருந்து மட்டும் தன்னை மாற்றச் சொன்னாள். காரணம் கேட்டதற்குக் கண் மங்குகிறது என்றாள். கேரட் கழுவும் தொட்டிக்கு அனுப்பினார்கள். அங்கே தண்ணீரும் மோட்டாரும் போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் பேசுவதுகூடக் கேட்காது. அவளுக்கு அது சௌகரியமாக இருந்தது. தங்கை மகள் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். சாயங்காலமானால் போன் செய்வாள். வேலையை விட்டுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கும்படி ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவாள். பார்க்கலாம் என்பாள் பெரியக்கா. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று மாற்றி மாற்றி விசாரித்துக்கொள்வார்கள். அதற்குமேல் இருவருக்கும் பேச ஒன்றும் வராது.