நைனாவின் முழங்கால்

என் நைனாவை நான் அடித்தது வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான். மோர் கடைகிற மத்தால், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, நான்கு முறை. அப்போது எனக்குப் பதினொரு வயது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். ஆனால் அதற்கப்புறம் இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கும்மிடிப்பூண்டியில் ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கம், ஆறு வீடுகள் ஒரே வரிசையில் இருந்த காம்பவுண்டில் குடியிருந்தோம். வடக்கே மூன்றாவது ஸ்டேஷன் ஆந்திரா என்பதாலோ என்னவோ, எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். நைனா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். இரும்புத் தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து மெஷின் இறங்கி அழுத்தும். தகடு வண்டிச் சாமானாக வெளியே வரும். அம்மா மசாலாத் தூள் பாக்கெட் போடும் இன்னொரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அக்கா பத்தாம் வகுப்பு.

அக்காவுக்கு வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். அந்த வருஷம் அவள் பரீட்சைக்கு நரம்பு மண்டலம் படித்தபோது காம்பவுண்டில் பாதிப் பேருக்கு அந்தப் பாடம் மனப்பாடம் ஆகிவிட்டது. எனக்கு அதில் அனிச்சைச் செயல் என்ற பகுதி மிகவும் பிடித்துப்போயிற்று. சூடான பாத்திரத்தில் கை பட்டால், மூளைக்குத் தெரிவதற்கு முன்பே கை விலகிவிடுமாம். சேதி முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடம் வரைக்கும் போகும். உத்தரவு அங்கிருந்தே திரும்பிவிடும். மூளைக்குத் தகவல் அப்புறம்தான். எங்கள் வீட்டில் அம்மா எடுக்கிற முடிவுகள் நைனாவுக்குத் தெரியவருவதும் ஏறக்குறைய இந்த முறையில்தான் என்பதால் எனக்கு அது சுலபமாகப் புரிந்தது.

அக்கா போனில் ஒரு வீடியோ காட்டினாள். டாக்டர் ஒருவர் சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டுகிறார், கால் தானாக உதைக்கிறது. சுத்தியல் இல்லாத வீட்டில் மத்து இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவைக் கட்டிலில் உட்காரவைத்துத் தட்டினேன். கால் துள்ளியது. ஸ்டூலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவைக் கால்மேல் கால் போடச் சொல்லித் தட்டினேன். அவள் உதைத்த உதையில் முறம் கவிழ்ந்து கீரை வாசல்வரை பறந்தது. திட்டு வாங்கினேன். ஆனாலும் அவள் தண்டுவடம் நன்றாக இருந்ததில் எனக்குப் பெருமை.

நைட் ஷிப்ட் முடிந்து வந்த நைனா குளித்து நாஷ்டா முடித்திருந்தார். கட்டிலில் ஏறிக் காலைத் தொங்கவிடச் சொன்னோம். தட்டினேன். கால் அசையவில்லை. கொஞ்சம் பலமாகத் தட்டினேன். இல்லை. மற்றக் காலில் இரண்டு முறை. இல்லை. அக்கா மத்தைப் பிடுங்கிக்கொண்டு, தொட்டுத் தொட்டு இடம் பார்த்து, அவளும் தட்டினாள். இரண்டு காலும் நட்டுவைத்த கம்பம்போல அப்படியே இருந்தன.

"இன்னாங்கடி, போலீஸ்காரன் மாதிரி ஆளுக்கு ஒரு தபா அடிக்கறீங்க?" என்று நைனா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "கால் ஆடலன்னா நரம்பு உள்ள எங்கியோ கட்டாயிகிதுன்னு அர்த்தம். அம்மா கைல சொல்லிகில்லி வைக்காத. எனுக்கு எக்ஸாம் கீது" என்றாள். அன்று மாலையே அவள் வேறு பாடத்துக்குப் போய்விட்டாள். கட்டான நரம்பை என் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து நைனாவை நான் வேவு பார்க்கத் தொடங்கினேன். நடை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பார்க்கப் பார்க்க மற்றது எல்லாம் தப்பாகத் தெரிந்தது. டீ கிளாஸைத் தூக்கும்போது தளும்பியது. இரண்டு முறை கூப்பிட்டால்தான் திரும்பினார். சாப்பிட உட்கார்ந்து, பாதியில் கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வியாதி காலிலிருந்து மேலே ஏறுகிறது என்று முடிவு செய்தேன். அக்காவின் புத்தகத்தில் தண்டுவடம் வால்போல இடுப்புவரை இறங்கியிருக்கும் படத்தை எடுத்து, எந்த இடத்தில் அறுந்திருக்கும் என்று பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். பெரியபாளையத்தம்மனிடம், நைனா கால் ஆடினால் வேப்பிலை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றுவதாக வேண்டிக்கொண்டேன். அம்மாவுக்குத் தெரியாமல் அவ்வளவு வேப்பிலையை எப்படிக் கட்டிக்கொள்வது என்பது அடுத்த கவலையாகச் சேர்ந்துகொண்டது.

சனிக்கிழமை பகலில் நைட் ஷிப்ட் முடிந்து வந்து நைனா தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. கால்தான் போய்விட்டது, கையாவது இருக்கிறதா பார்க்கலாம் என்று பென்சில் முனையால் சுட்டுவிரலை மெல்லத் தொட்டேன். அவ்வளவுதான். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டு, இரண்டு கைகளையும் மார்போடு இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார், ஆனால் அது நான் என்று அவருக்குத் தெரியவில்லை. விரல்களை விரித்துப் பார்த்தார், முன்பக்கம், பின்பக்கம். அதற்கப்புறம்தான், "நீயா? ஏம்மா?" என்றார். பனியன் வேர்வையில் நனைந்திருந்தது.

எனக்கு அதில் ஒரு சந்தோஷம். கை நரம்பு முதல்தரமாக வேலை செய்கிறது! அப்படியென்றால் வியாதி இடுப்புக்குக் கீழேதான்.

அடுத்த வாரம் அவருக்கு மதிய ஷிப்ட். சனிக்கிழமை என்னை எண்ணெய் வாங்க அனுப்பியிருந்தார்கள். கடையிலிருந்து பார்த்தால் கம்பெனி பஸ் நிற்கும் இடம் தெரியும். பஸ் வந்தது. நீலச் சட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியாக நைனா. ஒரு கையால் கம்பியைப் பிடித்தார், பிடித்தபடியே நின்றார். கால் தரையை விட்டு எழும்பவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். உள்ளேயிருந்து யாரோ, "இன்னாண்ணா, ஏறு!" என்று கத்தினார். நைனா தலைகுனிந்து படியையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் மறுபடியும் ஹாரன் அடித்தபோது ஏறிவிட்டார். பஸ் போய்விட்டது. நான் எண்ணெயை வாங்காமலே வீட்டுக்கு ஓடினேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மத்து, தண்டுவடம், பென்சில், பஸ் படி. அழுகையில் பாதி அவளுக்குப் புரிந்திருக்காது. நைனா செத்துப்போவாரா என்று கேட்டேன். அம்மா என்னை அதட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"படிகிட்ட எவ்ளோ நேரம் நின்னுக்கினு இருந்தாரு?"

மறுநாள் ஞாயிறு. பஜார் தெருவில் இருந்த கிளினிக்குக்குச் சாயங்காலம் போனோம். வர மாட்டேன் என்று நைனா சொல்லிப் பார்த்தார். தனக்கு ஒன்றுமில்லை, பிள்ளை உளறுகிறது என்றார். அம்மா புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். அக்கா படிக்க வேண்டும் என்று வீட்டில் இருந்துகொண்டாள். நோயைக் கண்டுபிடித்தவள் என்ற முறையில் நான் கூடப் போனேன்.

டாக்டர் அம்மா கண்ணாடி போட்டவர், பேச்சு குறைவு. நான் மத்துக் கதையைச் சொன்னதும் இழுப்பறையிலிருந்து நிஜமான சுத்தியலை எடுத்தார். நைனா உயரமான கட்டிலில் உட்கார்ந்தார். டாக்டர் தட்டினார். கால் ஆடவில்லை. மற்றக் காலிலும் ஆடவில்லை. அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

"காலை லூசா விடுங்க" என்றார் டாக்டர்.

"லூசாத்தாங்க கீது."

டாக்டர் அவருடைய தொடையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ரெண்டு கை விரலையும் கொக்கி மாதிரி மாட்டிக்குங்க. மேல ஃபேனைப் பாருங்க. நான் இழுங்கன்னு சொன்னதும் ஒரு கையை இன்னொரு கையால நல்லா இழுக்கணும்" என்றார். நைனா ஃபேனைப் பார்த்தார். "இழுங்க!" என்ற அதே நேரத்தில் சுத்தியல் விழுந்தது. கால் படாரென்று உதைத்தது. டாக்டரின் மேஜைக் கால் அதிர்ந்தது. மற்றக் காலும் அப்படியே.

நான் கத்தியே விட்டேன். டாக்டர் என்னைப் பார்த்து முதல்தடவையாகச் சிரித்தார். "நரம்பெல்லாம் நல்லா இருக்கு பாப்பா. எதுவும் கட்டாகல. உங்க அப்பாதான் காலை இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்கார். தான் பிடிச்சிருக்கோம்னு அவருக்கே தெரியல."

பிறகு நைனாவிடம் கேட்டார்: "எதுல வேலை?"

"பிரஸ்ஸுங்க. போன மாசம்தான் வேற மெஷினுக்கு மாத்தினாங்க."

டாக்டர் நைனாவின் கைகளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விரல் விரலாகப் பார்த்தார். என்னை வெளியே போய் எடை பார்க்கும் மெஷினில் ஏறி நிற்கச் சொன்னார். நான் எத்தனையோ முறை ஏறி இறங்கினேன். வேப்பிலைக்கு என்ன வழி என்று யோசித்தேன். வெகுநேரம் கழித்து அம்மாவும் நைனாவும் வெளியே வந்தார்கள். அம்மாவின் கண் சிவந்திருந்தது. சந்தோஷம்தான், வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி நடந்தே வந்தோம். எனக்குப் பேச்சு நிற்கவில்லை. லைனைத் தாண்டும் மேம்பாலத்தில் நைனா கேட்டார்.

"கை தானா பின்னால வரும்னு அக்கா படிக்குதே, அது எவ்ளோ சீக்கிரம் வரும்?"

"கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள நைனா. மூளையக் கேக்கவே கேக்காது."

"சரி. ஒரு சாமான் மேல வந்து படுதுன்னு வையி. படறதுக்கு முன்னாடியே வந்துடுமா, பட்டப்பறம் வருமா?"

அவர் என்னிடம் பாடத்தில் சந்தேகம் கேட்டது அதுதான் முதல்முறை. டீச்சர்போல நின்று சொன்னேன்: "பட்டப்பறம்தான் நைனா. மொதல்ல தோலுக்குத் தெரியணும். அங்கேர்ந்து சேதி போவணும். அப்பறமாத்தான் கை இழுக்கும்."

"பட்டப்பறம்தான்" என்றார் நைனா. அம்மா நடப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். கீழே ஒரு கூட்ஸ் வண்டி போயிற்று. அது முடியும்வரை மூவரும் நின்றோம். நைனாவுக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று எனக்கு ஒரே குஷி.

திங்கட்கிழமை காலை ஷிப்ட். விடியும்போதே கிளம்பிப் போன நைனா, நான் பள்ளிக்குப் போகுமுன் திரும்பி வந்துவிட்டார். டிபன் பாக்ஸ் திறக்கப்படவே இல்லை. நடந்தது என்ன என்பதைப் பல வருஷம் கழித்து, நான் கல்லூரியில் படிக்கும்போது, அம்மா சொன்னாள். அந்த மெஷினில் கை உள்ளே இருந்தால் இறங்காமல் நிறுத்தும் சென்சார் கெட்டுப்போயிருந்தது. சரிசெய்யும்வரை நிறுத்திவைக்காமல் அப்படியே ஓட்டச் சொல்லியிருந்தார்கள். அவருக்கு முன் அங்கே நின்றவர் இரண்டு விரல் இல்லாமல் ஊருக்குப் போய்விட்டார். ஒரு மாதம் வீட்டில் வாய் திறக்காமல் அந்த மெஷினில் நின்ற நைனா, அன்று காலை, சென்சாரைச் சரிசெய்யாமல் தகடு வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். முடியாதென்றால் வரவேண்டாம் என்றார்கள். சில மாதம் கழித்துச் சோழவரம் பக்கம் ஒரு குடோனில் அவருக்கு வேலை கிடைத்தது. பத்து விரலும் இன்றைக்கும் இருக்கின்றன.

அன்று எனக்கு இதொன்றும் தெரியாது. நைனா நீலச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தார். படுத்த உடனே வாய் திறந்து, கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகத் தூங்கிப்போனார். வேலைக்குக் கிளம்பி நின்ற அம்மா, கைப்பையை மறுபடி உள்ளே வைத்துவிட்டு, அவர் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். சத்தம் போடாமல் போய்வா என்று எனக்குக் கையைக் காட்டினாள். வழியெல்லாம் எனக்குப் பொறாமையாக இருந்தது. இரண்டு கம்பெனியிலும் ஒரே நாளில் எப்படி லீவு விட்டார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.