பெரட்டுக் களத்தில் போட்ட கையெழுத்து

செவ்வாய்க்கிழமை என் வாசலில் செல்வமலர் நின்றார். பெரகலக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். கையில் பொலித்தீன் பை. உள்ளே என்னவென்று கேட்க வேண்டுமா? காகிதம்தான். மனு எழுதித் தருகிற ஆள் என்று எனக்கொரு பெயர் இருக்கிறதே!

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே இறங்கி வரும் ஆற்றை மறித்து, குழாயில் இறக்கி, சிறிய மின்நிலையம் கட்டப் போகிறார்களாம். அணைக்குக் கீழே ஆறு வெறும் கல்லாகிவிடும். லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குத் தண்ணீர் வருவதே அந்தத் துண்டிலிருந்துதான். குடிக்க, குளிக்க, சமைக்க... வேறு வழி கிடையாது.

பையிலிருந்த, மின்நிலையத்துக்கான சுற்றாடல் பாதிப்பு அறிக்கையைப் புரட்டினேன். தமிழில் ஒரு வரி இல்லை. இந்த நீரை எவரும் பயன்படுத்துவதில்லை, மக்களும் சம்மதம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கடைசியில் லயத்தார் எல்லோருடைய கையெழுத்தும். முதல் பெயர் — செல்வமலர்!

"நீங்களே போட்டிருக்கீங்களேம்மா?"

"பெரட்டுக் களத்துல கூட்டம் வச்சாங்க சார். பேப்பர் சுத்தி வந்துச்சி. பேர் பதியுறாங்கன்னு நெனச்சிப் போட்டோம்."

எனக்குக் கோபம் வரவில்லை. காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்போது, பெயர் விழாவிட்டால் அந்த நாள் சம்பளமே கிடையாது என்று பழக்கி வைத்த இடம் அது. காகிதம் வந்தால் கை தானாகப் போகும். வங்கியில் நீட்டுகிற படிவத்தை நாம் மட்டும் வாசித்தா பார்க்கிறோம்?

சட்டம் இருக்கிறது. ஆட்சேபனைக்கு அவகாசமும் இருக்கிறது, வெள்ளிக்கிழமை வரை. எத்தனை மனு எழுதிவிட்டேன்! எத்தனை ஓடைகள் குழாய்க்குள் போய்விட்டன! அலுத்துவிட்டது. ஆனாலும் எழுதினேன். "நடந்ததை விளக்கிச் சொல்லி, எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பினேன்.

வியாழக்கிழமை வந்தார். மனுவின் கீழே ஒரே ஒரு கையெழுத்து.

"மத்தவங்க?"

"வெளக்கமாத்தான் சொன்னேன் சார். கையெழுத்து போட்டுத்தான் ஆறே போகுதுன்னு தெரிஞ்சிருச்சில்ல... இனி எந்தப் பேப்பர்லயும் போட மாட்டோங்குறாங்க."

சிரிப்பதா, அழுவதா? வாசிக்காமல் போடாதீர்கள் என்று வருடக்கணக்கில் சொல்லி வருகிறவன் நான். கற்றுக்கொண்டுவிட்டார்கள் — இந்த வாரம் பார்த்து!

"நீங்க மட்டும் போட்டிருக்கீங்க?"

"அதுல மொதப் பேரு என்னுதுதானே சார்."

வெள்ளிக்கிழமை இருவருமாகச் சுற்றாடல் அலுவலகத்துக்குப் போய் மனுவைக் கொடுத்தோம். அதில் இப்போது இரண்டு கையெழுத்து. இரண்டாவது என்னுடையது.

அந்த ஆற்றில் ஒரு மிடறு குடிக்காதவன் கையெழுத்துத்தான் எப்போதும் சுலபமாகக் கிடைக்கிறது!