கீழ்க்கோடி ஓட்டை

ஒவ்வொரு சீட்டையும் வெட்டி முடித்ததும் அப்பாசாமி ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். பாயில் விழுந்த காகிதத் துணுக்கு நகத்துண்டு அளவுதான் இருக்கும். அதை ஈர விரலால் ஒற்றி எடுத்துப் பக்கத்திலிருக்கும் பால் டின்னுக்குள் தட்டிவிடுவார். ஒன்றைக்கூட விடமாட்டார். கதவுக்குப் பின்னால் பறந்து போனதையும் முழங்காலால் நகர்ந்து போய் எடுத்து வருவார்.

"பஸ்ஸில குப்பை கெடந்தா இன்ஸ்பெக்டர் திட்டுவான் தம்பி. இங்க இன்ஸ்பெக்டர் உள்ளாற இருக்கு" என்று அடுப்படியைக் காட்டுவார்.

அடுப்படியில் இருந்தது அவர் மனைவி ருக்மணி.

அவர்கள் மலாக்கா செட்டிகள். காஜா பேராங்கில் வீடு. கும்பிடுவது நம் சாமி, வீட்டில் பேசுவது மலாய். அந்த மலாயில் அங்கங்கே தமிழ்ச் சொல் ஒன்று, சோற்றில் சிக்கிய கல் மாதிரி, பல்லில் படும். அந்தச் சொற்களைத் திரட்ட ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து கலியாணசுந்தரம் என்ற விரிவுரையாளர் வந்தார். 1957, மார்ச் மாதம். என் கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லி, என்னையும் சேர்த்துக்கொண்டார். பள்ளி விட்டதும் செமாபோக்கிலிருந்து சைக்கிளில் போவேன். சொல்லைச் சீட்டில் எழுதுவது என் வேலை. ஓட்டை வெட்டுவது அப்பாசாமியின் வேலை. இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். கால் வீங்கி நிற்க முடியாமல் போனதால் வேலையை விட்டவர். டிக்கெட் வெட்டும் கத்தரி மட்டும் கையோடு வந்திருந்தது.

சீட்டின் நாலு ஓரத்திலும் ஏற்கெனவே ஓட்டைகள் இருக்கும். தமிழ்ச் சொல் என்றால் மேல்வரிசையில் முதல் ஓட்டை. மலாய் என்றால் இரண்டாவது. அந்த ஓட்டையை விளிம்புவரை வெட்டித் திறந்துவிட வேண்டும். பிறகு சீட்டுகளைக் கட்டாக அடுக்கி, ஓட்டை வழியே ஒரு நீளக் கம்பியைச் செருகித் தூக்கினால், வெட்டியவை உதிர்ந்துவிடும். வெட்டாதவை கம்பியில் தொங்கும். கீழ்வரிசையில் கடைசி ஓட்டை ஒன்று உண்டு. அந்தச் சொல்லைச் சொன்ன ஆள் இறந்துபோயிருந்தால் அதை வெட்ட வேண்டும்.

"இனிமேல் இதையெல்லாம் எண்ண இயந்திரம் வந்துவிடும்" என்றார் கலியாணசுந்தரம் முதல் நாளே.

"வரட்டும் சார். அந்த மெஷினுக்கும் ஒரு கண்டக்டர் வேணுமில்ல?" என்றார் அப்பாசாமி.

தமிழை அவர் பஸ்ஸில் ஏறிய தோட்டத்து ஆட்களிடம் கற்றுக்கொண்டிருந்தார். "என் தமிழு பூரா டிக்கெட் தமிழு தம்பி. ஏறு, எறங்கு, உள்ள தள்ளிப் போ. அதுக்கு மேல பேசறதுக்குள்ள ஸ்டாப்பு வந்துடும்."

ருக்மணிக்குத் தமிழ் தெரியாது. எந்த எழுத்தும் வாசிக்கத் தெரியாது. ஆனால் இரண்டே வாரத்தில் ஓட்டைகளை வாசிக்கப் பழகிவிட்டார். கம்பியைச் செருகி ஒரே உலுக்கலில் பிரிப்பதில் எங்கள் இருவரையும்விட அவர்தான் வேகம்.

அவர்களுக்கு ஒரே மகன், கணேசமூர்த்தி. ஜப்பான்காரன் காலத்தில், பத்தொன்பது வயதில், சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. மகன் வந்தாச்சா என்று யார் கேட்டாலும் ருக்மணி "பெலும்" என்பார். 'இன்னும் இல்லை' என்று அர்த்தம். மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். கல்யாணம் ஆச்சா, பெலும். சாப்பிட்டாச்சா, பெலும். 'இல்லை' என்று வெட்டிப் பேசமாட்டார்கள், வர வேண்டியது வந்துதான் தீரும் என்பது போல. பொங்கலுக்கு முந்தின நாள் செட்டி வீடுகளில் பார்ச்சு நடக்கும். இறந்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, ஆளுக்கோர் இலை போட்டுப் படைப்பார்கள். ருக்மணி மாமனாருக்குப் போடுவார், மாமியாருக்குப் போடுவார். பதினான்கு வருஷமாக மகனுக்கு இலை போடவில்லை.

ஜூலையில் ஒரு நாள் ருக்மணி அந்தக் கத்தரியைக் காட்டி "கிச்சு" என்றார். அதை எடு என்று சொன்னதுதான். மேசையோரம் இருந்த கலியாணசுந்தரம் நிமிர்ந்தார். கிச்சுவா? அது மலாயும் இல்லை, தமிழும் இல்லை. எங்கிருந்து வந்தது?

அப்பாசாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம பையன் வெச்ச பேரு சார். தவழற வயசில நான் டிக்கெட் வெட்டறத பாத்துட்டு கிச்சு, கிச்சுனு சொல்வான். இந்தச் சந்து பூரா இப்ப கத்தரிக்கோலுக்கு அதுதான் பேரு."

சொல்: கிச்சு. சொன்னவர்: கணேசமூர்த்தி. நான்தான் எழுதினேன். அப்பாசாமி சீட்டை வாங்கினார். கத்தரி கீழ்க்கோடி ஓட்டைக்கு நேராகப் போய் நின்றது. அடுப்படி வாசலில் ருக்மணி நின்றிருந்தார். கத்தரி விலகியது. வெட்டாத சீட்டு கட்டுக்குள் போனது.

ஆகஸ்டில் தெருவெல்லாம் கொடி. மெர்டேகா, அதாவது சுதந்திரம், வந்துவிட்டால் சயாமில் விட்டுப்போன ஆட்களை அரசாங்கம் திருப்பி அழைத்துக்கொள்ளும் என்று சந்தையில் யாரோ ருக்மணியிடம் சொல்லியிருந்தார்கள். அவர் முன்னறை ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்தார்.

செப்டம்பரில் கலியாணசுந்தரம் மறுபடி வந்தார். கீழ்க்கோடி ஓட்டையில் கம்பியைச் செருகித் தூக்கி, தொங்கிய சீட்டுகளைத் தனியே எடுத்துக்கொண்டார். உயிரோடு இருப்பவர்களின் வாயால் ஒருமுறை நேரில் கேட்டு, உச்சரிப்பைக் குறிக்க வேண்டுமாம். ஒவ்வொன்றாகப் புரட்டி ஒன்றில் நின்றார்.

"கிச்சு. கணேசமூர்த்தி. உங்கள் மகன்தானே? எப்போது பார்க்கலாம்?"

அப்பாசாமி தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பித் தட்டோடு வந்த ருக்மணியிடம் விரிவுரையாளர் மலாயில் கேட்டார், மகன் வந்தாச்சா என்று.

"பெலும்."

"வேலைக்குப் போயிருக்கிறாரா?"

"சயாமுக்கு" என்றார் ருக்மணி. "ஜப்பான்காரன் கொண்டுபோனான். இப்பதான் மெர்டேகா ஆயிடுச்சே, அனுப்பிடுவாங்க."

கலியாணசுந்தரம் பேனாவை மூடினார். தமிழில் மெதுவாக, "இது இப்படியே இருக்கட்டும், ஐயா. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

"வேணாம் சார்." அப்பாசாமி கையை நீட்டிச் சீட்டை வாங்கினார். "நாளைக்கு வேற ஒருத்தர் இதப் பாத்துட்டு, ஆளு இருக்கான்னு நம்பி வந்து இந்தக் கதவத் தட்டுவாரு. அவருக்கும் இவ காப்பி போடணும்."

ருக்மணிக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. தட்டைப் பிடித்தபடி கத்தரியையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தரி மேல்வரிசைக்குப் போகவில்லை. பக்கவாட்டுக்கும் போகவில்லை. கீழ்வரிசையில் கடைசிக்குப் போனது. கிச்சு என்றுதான் சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளை சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறான்.

ருக்மணி தட்டைக் கீழே வைத்தார். ஒரு கோப்பைகூடச் சிந்தவில்லை. உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு அப்பாசாமி துணுக்கை எடுக்கவில்லை. பாயில் அது அப்படியே கிடந்தது. நாங்கள் கிளம்புகிற நேரத்தில் ருக்மணி வந்து குனிந்து, விரலை நாக்கில் தொட்டு, அதை ஒற்றி எடுத்தார். பால் டின்னில் போடவில்லை. மூடிய கையோடு உள்ளே போனார்.

அடுத்த ஜனவரிப் பார்ச்சுக்கு மூன்று இலைகள் போட்டிருந்தார்கள். மூன்றாவதில் மஞ்சள் தடவிப் பொரித்த கெம்போங் மீன் இரண்டு. அப்பாசாமி அந்த இலைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "ஏறிட்டான் தம்பி" என்றார். அப்புறம் "கிச்சு" என்ற சொல் அந்த வீட்டில் என் காதில் விழவே இல்லை. ருக்மணி கத்தரியை "அது" என்றுதான் சொல்வார்.

1962-இல் அப்பாசாமி இறந்தார். எடுத்த அன்று ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஜெயபாலன் என்பவர் வந்திருந்தார். சயாமுக்குப் போய்த் திரும்பி வந்தவர். வாசலில் என் பக்கத்தில் நின்றவர், யாரும் கேட்காமலே சொன்னார். நாற்பத்தாறில் ஊர் திரும்பியபோது, மலாக்கா பஸ்ஸில் கண்டக்டராக நின்றவர்தான் கணேசமூர்த்தியின் அப்பா என்று தெரிந்து, அவனைப் புதைத்தவர்களில் தானும் ஒருவன் என்பதை அங்கேயே சொல்லிவிட்டாராம்.

"மனுஷன் டிக்கெட்டைக் கையில எடுத்தாரு. வெட்டாமலே என்கிட்ட குடுத்துட்டு முன்னால போயிட்டாரு."